கிணற்றுக்குள் எரியும் விளக்கு

கேள்வி: திறந்த கிணறுகளில் மூழ்கி மோட்டார் எடுப்போருக்காக, நீருக்குள் எரியும் விளக்கொன்றை நானே செய்கிறேன். எந்த பாட்டரி ஏற்றது?
– ஒரு வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: பிரகாசத்தைக் காட்டிலும் மூழ்குகிறவருடைய பிராணனே பிரதானமாகையால், விலக்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். யு.பி.எஸ். பெட்டிகளிலுள்ள 12 வோல்ட் ஈய-அமில பாட்டரி மலிவாகவும் சுலபமாகவும் கிடைப்பதாயினும், ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடக்கூடிய சுபாவம் உடையதாதலால், காற்றுப் புகாமல் இறுக மூடிய குழாய்க்குள் அதை அடைப்பது வெடிவிபத்துக்கு வழிசெய்வதாகும். சாதாரண லித்தியம் அயான் செல்லோ சக்தி மிகுந்தது; ஆனால் ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தால் தீப்பற்றும் அபாயமும் அதில் மிகுதி.

ஆகையால், அந்த அபாயம் குறைந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களையே நான் சிபாரிசு செய்வேன். 3.2 வோல்ட் வீதம் நான்கைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட் கிடைக்கும். 6 ஆம்பியர்-மணி கொள்ளளவில் 10 வாட் எல்.இ.டி. ஆறேழு மணி நேரம் எரியும். செல்களைக் காக்கும் பி.எம்.எஸ். (பாட்டரி மேலாண்மை) சர்க்யூட்டும் ஃப்யூஸும் அவசியம். சார்ஜ் ஏற்றுவது குழாய்க்கு வெளியேதான்.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுவதால், வெறுங்குழாயைக் கல் கட்டி ஓரிரவு கிணற்றடியில் கிடத்தி, உள்ளே வைத்த காகிதம் நனையாதிருப்பதைக் கண்ட பிறகே செல்களை வையுங்கள்.