கடல்மல்லையில் கிடந்த திருக்கோலங்கள் மூன்று

ஸ்ரீ:

தொண்டை நாட்டுத் திவ்ய தேசங்களுள் கடலின் பெயரையே தன் பெயரில் தாங்கி நிற்பது திருக்கடல்மல்லை. மாமல்லபுரம் என்று இன்று வழங்கும் இவ்வூருக்கு ஆண்டுதோறும் பல்லாயிரவர் வருகின்றனர். கற்கோயில்களைக் கண்டு, கடற்கரையில் சிறிது உலாவித் திரும்புகின்றனர். அருச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைக்கு அருகிலேயே ஸ்தலசயனப் பெருமாள் திருக்கோயில் கொண்டிருப்பதை அவர்களுள் பலர் அறியார். சேவிக்க வரும் நம் அன்பர்களோ, குன்றின் மேலும் கடலோரத்திலும் அதே எம்பெருமான் கிடந்த கோலத்தில் கல்லில் காட்சி தருவதை எண்ணாமலே திரும்பி விடுகின்றனர். இவ்விரு குறையும் நீங்க, மூன்று இடங்களையும் ஒருசேர வைத்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்தல புராணம்

புண்டரீக மஹரிஷி என்பார் தாமரை மலர்களைக் கொய்து, அவற்றைத் திருப்பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமானுக்கே சாத்த வேண்டும் என்று பேரவாக் கொண்டார். வழியில் கடல் குறுக்கிட்டது. கைகளால் நீரை இறைத்துக் கடலை வற்றச் செய்து வழி காண முயன்றார். முதியவர் ஒருவர் வந்து, பசிக்கிறது, உணவு வேண்டும் என்றார். மஹரிஷி உணவு தேடிச் சென்று மீண்டபோது, அம்மலர்களைச் சாத்திக் கொண்டு, எம்பெருமான் வெறுந்தரையிலேயே பள்ளி கொண்டிருந்தான். பக்தன் கடலைக் கடந்து செல்ல வேண்டியதில்லை. பாற்கடல் நாதன் தானே கரைக்கு வந்து தலத்தில் சயனித்தான். ஆதலின் ஸ்தலசயனம் என்பது திருநாமமாயிற்று. உற்சவர் உலகுய்ய நின்றான். தாயார் நிலமங்கை நாச்சியார். மூலவர் கிடந்தும், உற்சவர் நின்றும் அருளும் இத்தலத்தில் தாயாரின் திருநாமமும் நிலத்தையே சுட்டுவது நோக்கத்தக்கது.

ஆழ்வார்கள் கண்ட மல்லை

முதலாழ்வார் மூவருள் இரண்டாமவரான பூதத்தாழ்வார் ஐப்பசி அவிட்டத்தில் குருக்கத்தி மலரில் அவதரித்தது இத்தலத்தில்தான். பின்னர், 8ஆம் நூற்றாண்டில், திருமங்கையாழ்வார் தம் பெரிய திருமொழியில் இரண்டு பதிகங்களை இத்தலத்திற்கே உரியவையாக அருளிச் செய்தார். பொருட்குவியலும் யானைகளும் மணிகளும் சுமந்து கலங்கள் நிற்கும் துறைமுகமாக அவர் மல்லையைக் காட்டுகிறார். பல்லவர் துறைமுகத்தின் சிறப்புக்கு இதனினும் சிறந்த இலக்கியச் சான்று வேறு வேண்டுவதில்லை. எனினும் ஆழ்வாரின் நெஞ்சு கலங்களின் மேல் நிற்கவில்லை. தலசயனத்தானை நினைப்பவரையே தமக்குத் தலைவராகக் கொண்டு வணங்கியது.

முதற் கோலம்: குன்றில்

இனிக் குன்றின் மேல் ஏறுவோம். மஹிஷாசுரமர்த்தினி குகையின் ஒரு பக்கச் சுவரில் அரவணை மேல் அறிதுயில் கொண்ட திருமாலைக் காணலாம். திருவடிப் பக்கத்தே மது, கைடபர் என்னும் அசுரர் இருவர். எதிர்ச் சுவரிலோ சிங்கத்தின் மேல் வீற்று மஹிஷனோடு பொரும் துர்க்கை. ஒரு சுவரில் போரின் வேகம். மறு சுவரில் துயிலின் அமைதி. அமைதியாய்த் துயில்பவன் முன்னிலையிலும் அசுரர் பின்வாங்குகின்றனர் என்பதைச் சிற்பி சொல்லாமற் சொல்லியுள்ளான். இக்குகை 7ஆம் நூற்றாண்டினது என்பர் பெரும்பாலோர். இங்குள்ள பணிகள் யாவும் ராஜசிம்மனுடையவை என்பாரும் உளர்.

குகைக்கு மேலே உள்ள ஒலக்கண்ணேசுவரர் கோயில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. அதனருகே கல்லால் எழுப்பிய இன்றைய விளக்கம் 1904 முதல் ஒளி தருகிறது. இக்குன்றிலேயே ஆதிவராஹர் குகையும் உள்ளது. சிம்மவிஷ்ணு, மஹேந்திரன் என்று பெயர் பொறித்த அரசர் உருவங்களும், தசாவதாரங்களைத் தொகுத்துரைக்கும் சுலோகக் கல்வெட்டும் கொண்ட அக்குகையில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது.

இரண்டாம் கோலம்: அலைவாய்க் கரையில்

கடற்கரைக் கோயிலை ராஜசிம்மன் எனப்பெறும் இரண்டாம் நரசிம்மவர்மன் (சுமார் 700 – 728) எடுப்பித்தான். தொலைவிலிருந்து காண்பார்க்கு இரண்டு சிவாலய விமானங்களே தோன்றும். அவற்றின் இடையே, விமானம் இன்றி, கிடந்த திருமாலின் சன்னிதி ஒன்றுண்டு. அத்திருவுருவம் வேறிடத்தில் செய்து கொணர்ந்ததன்று; அங்கிருந்த பாறையிலேயே வடிக்கப்பட்டது. நரபதிசிம்ம பல்லவ விஷ்ணுக்ருஹம் என்று கல்வெட்டு இதனைக் குறிக்கும். முதலாம் ராஜராஜன் (985 – 1014) காலத்துக் கல்வெட்டோ பள்ளிகொண்டருளிய தேவர் என்று போற்றும். இன்று அங்கு நித்திய பூஜை இல்லை. உப்புக் காற்று உருவத்தைத் தேய்த்துள்ளது.

மூன்றாம் கோலம்: ஊர் நடுவே

இன்று நாம் சேவிக்கும் திருக்கோயிலின் கட்டடம் விஜயநகர காலத்தது. கடலோரத்துச் சன்னிதி அலைகளால் ஊறுபடவே, பெருமாளை ஊரின் உள்ளே எழுந்தருளச் செய்தனர் என்பது மரபு. திருமங்கையாழ்வார் பாடியது கரையில் உள்ள சன்னிதியையா, வேறொன்றையா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. இதனால் அன்பர் கலங்க வேண்டுவதில்லை. கட்டடம் மாறலாம், கல் தேயலாம். தலத்தில் சயனித்தவன் என்ற நினைவும், அதனைப் பாடிய பாசுரமும், அன்றாட ஆராதனமுமே திவ்ய தேசத்தை வாழ்விக்கின்றன.

கடல் சொல்லும் சான்று

மல்லையின் கடல் கோயில்களை விழுங்கிற்று என்ற செவிவழிச் செய்தி பழமையானது. 1770-களில் இங்கு வந்த வில்லியம் சேம்பர்ஸ், மாலுமிகள் இவ்வூரை ஏழு கோயில்கள் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்ததையும், கடலுள் செம்புத் தகடு போர்த்த கோபுர முடிகள் காலைக் கதிரில் மின்னியதை முதியோர் நினைவு கூர்ந்ததையும் 1788இல் எழுதி வெளியிட்டார். 2002இல் கடலுள் மூழ்கி ஆராய்ந்தோர், கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் நீரடியில் கட்டுமானச் சிதைவுகளைக் கண்டனர். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையின் கல்வெட்டு வெளிப்பட்டது. அதனைத் துணைக்கொண்டு 2005இல் அகழ்ந்தபோது, பல்லவர் காலக் கருங்கற் பணியின் கீழே அதனினும் பழைய செங்கல் முருகன் கோயில் கிடைத்தது. அது கடலலையால் அழிந்தது என்பது அகழ்ந்தோர் கருத்து.

இச்சான்றுகளால் ஏழு கோயில்கள் என்ற எண்ணிக்கை நிறுவப்பட்டதாகக் கொள்ளலாகாது. கரை இடம்பெயர்ந்தது, அலை அழித்தது என்ற அளவிற்கு முதியோர் வாய்மொழி பொய்யன்று என்பதே தெளிவு. புராணம், பாசுரம், கல்வெட்டு, அகழ்வு ஆகிய ஒவ்வொன்றும் தனக்குரிய உண்மையைச் சொல்லும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்டலாகாது.

நாம் கொள்ள வேண்டியது

மாசி மகத்தன்று பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அதே பௌர்ணமியில் இருளர் குடிகள் பல ஊர்களிலிருந்தும் வந்து, மணலில் கன்னியம்மனை வழிபட்டு, அங்கேயே தங்கித் திருமணப் பேச்சும் நடத்துகின்றனர். ஒரே கரை இவ்வளவு பேருக்கும் புனிதமானது. பாறைக் கற்களை அடுக்கிக் கடற்கரைக் கோயிலுக்கு அரண் செய்த அரசு தன் கடமையைச் செய்தது. கரையில் குப்பை இடாதிருத்தலும், சிற்பத்தின் மேல் ஏறாதிருத்தலும், தீட்டாதிருத்தலும் நம் கடமை.

அடுத்த முறை மல்லைக்கு வரும் அன்பர்கள் முதலில் ஸ்தலசயனனைச் சேவித்து, பின் குன்றேறி அரவணைத் துயிலைக் கண்டு, முடிவில் கரையில் தேய்ந்து கிடக்கும் பள்ளிகொண்ட தேவரின் முன் ஒரு கணம் கைகூப்பி நிற்க வேண்டுகிறேன். பூஜையில்லாத சன்னிதி அது. நாம் நிற்கும் அக்கணமே அங்கு நாம் செய்யத்தக்க ஆராதனம். உடன் வரும் சிறுவர்க்கு மூன்றையும் காட்டி, ஏன் அவன் தரையில் கிடக்கிறான் என்று சொல்லிக் கொடுத்தால், கடல் கொள்ள இயலாத ஓர் இடத்தில் மல்லையை வைத்தவராவோம்.

உலகுய்ய நின்றான் திருவருள் யாவர்க்கும் பெருகுக.