'இப்போ எவ்வளவு வாங்குறீங்க?'

இன்டர்வியூ நன்றாகவே போய்க்கொண்டிருக்கும். டெக்னிக்கல் ஆள் எழுந்து போவார். எச்.ஆர். வந்து உட்கார்ந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஆரம்பிப்பார்: "இப்போ எவ்வளவு வாங்குறீங்க?"

கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். கலிஃபோர்னியாவில் பழைய சம்பளத்தைக் கேட்கக்கூடாது என்று 2018 முதல் சட்டமே இருக்கிறது. இங்கே கேட்பார்கள், கேட்டதோடு விடாமல் கடைசி மூன்று மாத பே-ஸ்லிப், ஃபாரம் 16, சில இடங்களில் பேங்க் ஸ்டேட்மென்ட் வரை வாங்குவார்கள். பொய் பெரும்பாலும் வெளுப்பது, பழைய கம்பெனியில் பேப்பர் போட்ட பிறகு. அப்போது இந்த வேலையும் இருக்காது, அந்த வேலையும் இருக்காது.

உள்ளதைச் சொல்லுங்கள். ஆனால் எந்தத் தொகை என்று தெரிந்து சொல்லுங்கள். சி.டி.சி. 6 லட்சம் என்றால் மாதம் 50 ஆயிரம் வருமென்று வீட்டில் நினைப்பார்கள். அதில் வேரியபிள் 60 ஆயிரத்தைக் கழித்தால் மாதம் 45 ஆயிரம். பேசிக் 20 ஆயிரமானால் கம்பெனி பங்கு பி.எஃப். 2,400, கிராச்சுவிட்டிக்கு 962 என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 2,400. கைக்கு வருவது சுமார் 39 ஆயிரம். நான் முதன்முறை கம்பெனி மாறியபோது, அவர்கள் கேட்டது சி.டி.சி., நான் சொன்னது கைக்கு வரும் தொகை. எதிரே இருந்தவர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார். அந்த வேகத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்தது, "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" 'நீங்களே பார்த்துப் போட்டுக் கொடுங்க' என்பதைக் காய்கறிக் கடையோடு வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வேலைக்கு என்ன ரேஞ்ச் வெச்சிருக்கீங்க மேடம்?" என்று முதலில் கேட்கலாம், தப்பில்லை. சொல்லவில்லையா? "இப்ப 6 லட்சம். அது ஃபிரெஷரா சேர்ந்தப்ப போட்டதுலேருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏறினது. இந்தப் பொறுப்புக்கு எட்டரை எதிர்பார்க்கிறேன்." இதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும் அந்தப் பத்து நொடி தாங்காமல், "ஏழு கொடுத்தாலும் பரவாயில்லை மேடம்" என்று உளறிக் காரியத்தைக் கெடுத்தவர்கள் ஏராளம்.

ரெஃபரன்ஸுக்கு இப்போதைய மேனேஜர் நம்பரைக் கேட்டால், "நான் வேலை தேடுறது அவருக்குத் தெரியாது. ஆஃபர் லெட்டர் வந்ததும் தர்றேன், இப்போதைக்கு முந்தைய டீம் லீட்கிட்ட பேசுங்க" என்று சொல்லலாம், நியாயமான எச்.ஆர். ஒத்துக்கொள்வார். அந்த டீம் லீடுக்கு அன்றைக்கே ஒரு போன் போடுங்கள். இல்லாவிட்டால் தெரியாத நம்பரைப் பார்த்து, லோன் வேண்டுமா என்று கேட்கிற ஆள் என நினைத்துக் கட் பண்ணிவிடுவார்.

இரண்டே மாதத்தில் விட்டு வந்த கம்பெனியை மறைப்பதும் வீண். அங்கே பி.எஃப். பிடித்திருந்தால் பி.எஃப். தளத்தில் உங்கள் யு.ஏ.என். சர்வீஸ் ஹிஸ்டரியில் அது தேதியோடு இருக்கும். அதை முன்கூட்டியே ஒரு தடவை திறந்து பாருங்கள். வெளியேறிய தேதியைப் போடாமலே விட்டுவிடும் கம்பெனிகள் உண்டு, கடைசியாக பி.எஃப். கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால் அந்தத் தளத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.