மருந்தின் கணக்கு

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்குச் சற்று முன்னதாக இருங்காட்டுக்கோட்டை அமைந்துள்ளது. அங்கிருந்து ஒரகடம் வரை பரந்துள்ள தொழிற்பேட்டைகளில் மோட்டார் வண்டிகள் மிகுதியாக உருவாகின்றன. கிருமிகளைக் கொல்லும் ஊசி மருந்துகளும் இங்கே உருவானதுண்டு. ஆர்க்கிட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் நடத்திய அத்தகைய ஆலை, 2010-ஆம் ஆண்டில் ஹாஸ்பிரா என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கைக்கு மாறியது. மருந்தாலையை விட்டு நீங்கும் ஒவ்வொரு குப்பியிலும் தொகுதி எண் உண்டு. செய்த நாளும் காலாவதி நாளும் உண்டு. அக்குப்பி மருத்துவமனையை அடைந்தபின், எக்கிருமியை எதிர்த்து, எத்தனை நாள் செலுத்தப்பட்டது, விளைந்த பயன் யாது என்பதற்கும் அத்தகைய கணக்கு வேண்டுமன்றோ?

கடுஞ்சுரத்துடன் ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார். அவர் இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்து, அது எம்மருந்துக்கு அடங்கும் எனக் கண்டறிய இரண்டு மூன்று நாட்களாகும். அதுவரை காத்திருந்தால் உயிர் போய்விடலாம். ஆகவே மருத்துவர் ஊகித்தே மருந்தளிக்கவேண்டும். ஊகம் பிழைத்தால் மருந்து வீணாகும். பிழைக்குமோ என்றஞ்சி அனைவர்க்கும் வலிமை மிக்க மருந்தையே கொடுத்தால், கிருமிகள் அதனையும் எதிர்க்கும் ஆற்றல் பெறும். பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங், மருந்தைக் குறைவாக உட்கொள்வதால் இத்தீங்கு நேரும் என 1945-இலேயே எச்சரித்தார்.

இருளில் எறியும் இவ்வூகத்திற்கு ஒளி தருவது கணக்கு. ஆய்வுக்கூடத்தின் ஓராண்டு முடிவுகளைக் கணிப்பொறியில் தொகுத்தால், இன்ன கிருமி நூற்றில் எத்தனை முறை இன்ன மருந்துக்கு அடங்கியது என்னும் அட்டவணை கிடைக்கும். இதில் ஒரு நுட்பமுண்டு. நெடுநாள் படுத்திருக்கும் ஒரே நோயாளியின் கிருமி பலமுறை சோதிக்கப்படும். அதனை ஒருமுறையே எண்ணவேண்டும். இன்றேல் அடங்காத கிருமிகள் உள்ளதினும் பலவாகத் தோன்றி, மருத்துவரை மயக்கும்.

கணக்கு மருந்தின் வகையை மட்டுமன்றி வேளையையும் காட்டும். அமெரிக்காவின் சால்ட் லேக் நகர மருத்துவமனையொன்றில் 2,847 அறுவை நோயாளிகளை ஆராய்ந்து, 1992-இல் முடிவு வெளியிட்டனர். கத்தி படுவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்திற்குள் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 0.6 பேருக்கே புண்ணில் கிருமி தொற்றியது. அதற்கும் முன்னரே பெற்றோரில் அது 3.8 பேர். புதுமருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை, கடிகாரமே போதியதாயிற்று!

நம் நாட்டிலும் இம்முயற்சி வளர்ந்துள்ளது. 2012-இல் சென்னையில் கூடிய மருத்துவர்கள் இம்மருந்துகளை முறைப்படுத்தக் கோரி அறிக்கை வெளியிட்டனர். 2013-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய கண்காணிப்பில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் புதுவை ஜிப்மரும் பங்கு கொண்டன. 2014 முதல், விதிக்கப்பட்ட சில மருந்துகளை விற்போர் மருத்துவர், நோயாளி பெயர்களையும் அளவையும் ஏட்டில் பதிந்து, மூன்றாண்டு காக்கவேண்டும் என்பது சட்டமாயிற்று.

தொழிலாளர் நாடிவரும் சிறு மருத்துவமனைக்கு இவ்வட்டவணை எளிதன்று. ஒரு கிருமிக்கு 30 சோதனைகளேனும் இல்லையெனில் நூற்றுக்கணக்கை நம்புதற்கில்லை. அத்தகைய இடங்களில் இரண்டு மூன்று ஆண்டு முடிவுகளைச் சேர்த்தோ, அண்டை மருத்துவமனைகளின் முடிவுகளோடு கூட்டியோ கணக்கிடுவர். அதற்கும் முதல் ஊசி போடுமுன்னரே சோதனைக்கு இரத்தம் எடுத்திருத்தல் வேண்டும். மருந்து உட்சென்றபின் எடுத்த இரத்தத்தில் கிருமி வளராமலே போகக்கூடும்.