இராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்



293318625600. இந்த எண்ணைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நம்ம முறையில் வாசித்தால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இதற்கு எத்தனை காரணிகள் என்று கேட்டால், "இதைப் போய் யாரு வகுத்துக்கிட்டு இருப்பா?" என்பீர்கள். வகுக்கவே வேண்டாம்.

முதலில் 12-ஐ எடுப்போம். 12 = 2² × 3. இதன் காரணியில் 2 வராமல் இருக்கலாம், ஒரு தடவை வரலாம், இரண்டு தடவை வரலாம். ஆக 3 வழி. 3 என்பது வரலாம், வராமலும் இருக்கலாம். அது 2 வழி. 3 × 2 = 6 காரணிகள். எழுதிப் பாருங்கள்: 1, 2, 3, 4, 6, 12. சரியா வந்துடுச்சா? அதாவது ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 6 காரணிகள் கிடையாது. 18-க்கும் 6 காரணிகள்தான், ஆனால் 12 முந்திக்கொண்டது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகள் உள்ள எண்ணை மிகு பகு எண் என்று சொல்லலாம். 24, 36, 48, 60, 120 எல்லாம் இந்த ஜாதிதான்.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் படித்த சீனிவாச இராமானுஜன், இங்கிலாந்தில் இருந்தபோது 1915-ல் இவற்றைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார். அதில் நூறுக்கும் மேற்பட்ட மிகு பகு எண்களின் பட்டியல் இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலம்! அந்தப் பட்டியலில் 195545750400-க்கு அடுத்து 321253732800 வருகிறது. முதல் எண்ணுக்கு 4608 காரணிகள், அடுத்ததற்கு 5376.

இப்போது நம்ம எண்ணுக்கு வருவோம். இது அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகளோடு 1 கூட்டினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

5040 என்பது 4608-ஐ விடப் பெரியது. அப்படியென்றால் அந்த இடைவெளியில் ஒரு மிகு பகு எண் கட்டாயம் இருந்தே ஆக வேண்டும். "இராமானுஜனுக்கே விட்டுப்போச்சா?" என்று என் தோழி நம்பவே மாட்டேன் என்றாள். அவளையே பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். விட்டுப்போனது இதே எண்தான் என்று பின்னால் வந்த கணித அறிஞர்களும் சரிபார்த்திருக்கிறார்கள். நூறு எண்ணில் ஒன்றுதானே, எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை கூடத்தான் செய்தது.

5040 காரணிகளையும் வரிக்கு ஒன்றாக, பக்கத்துக்கு 24 வரி எழுதினால் 210 பக்கம் ஆகும். நம்ம 192 பக்க நோட்டு பத்தாது! இன்னொரு வேடிக்கை, 5040-ம் ஒரு மிகு பகு எண். அதற்கு 60 காரணிகள். அந்த 60-ம் அப்படியே!

1 முதல் 22 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் நம்ம எண் மீதி இல்லாமல் வகுபடும். 23-ல்தான் முதன்முதலாக மாட்டிக்கொள்ளும், மீதி 17 வரும். சந்தேகம் இருப்பவர்கள் வகுத்துப் பார்க்கலாம்.

உங்களுக்கு ஒரு வேலை: 1000-க்குள் உள்ள கடைசி மிகு பகு எண் 840. அதற்கு எத்தனை காரணிகள்? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி 9-ஆம் வகுப்பில் என்னிடம் கொடுங்கள்.