கடலோடியின் விண்மீன்கள்

நுழையும்முன்

தென்காசியிலும் குற்றாலத்திலும் சாரல் பொழியும் மாதங்களில் இரவு வானத்தை முகில்கள் மூடியிருக்கும். தை பிறந்து வானம் தெளிந்தபின், தெற்கே தனித்து ஒளிரும் ஒரு விண்மீனைக் காணலாம். பொதிகை முனிவர் அகத்தியரின் பெயரைத் தாங்கிய அம்மீன், நடுக்கடலில் கப்பல் தன் இருப்பிடத்தை அறிய உதவும் மீன்களுள் ஒன்று. எண்ணற்ற மீன்களுக்கிடையே மாலுமி எவற்றை, எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஏற்றக்கோணமும் இருப்பிடமும்

தொடுவானத்திலிருந்து ஒரு விண்மீன் எவ்வளவு உயரத்தில் தோன்றுகிறது என்பதைக் காட்டுவது ஏற்றக்கோணம். வடதுருவத்திற்கு நேர்மேலே ஏறத்தாழ அசையாமல் நிற்பது துருவ விண்மீன். அதன் ஏற்றக்கோணம், நாம் நிற்கும் இடத்தின் வட அட்சத்திற்கு ஏறத்தாழச் சமமாகும். தென்காசி வட அட்சம் 9 பாகையில் அமைந்துள்ளது. எனவே இங்குத் துருவ விண்மீன் 9 பாகை உயரத்தில் மட்டுமே நிற்கும்.

அகத்திய விண்மீனின் நிலை இதற்கு நேர்மாறானது. தெற்கே செல்லச் செல்ல அது உயரும். அது தன் உச்சநிலையை அடையும்போது காசுமீரத்துச் சிறிநகரில் 3 பாகையும், தில்லியில் 9 பாகையும், தென்காசியில் 28 பாகையும் உயர்ந்து தோன்றும். ஆகவே விண்மீனின் உயரம் காண்பவரின் இடத்தைச் சொல்லிவிடுகிறது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு 'கலை' எனப்படும். உயரத்தை அளப்பதில் ஒரு கலை பிழைத்தால், கணிக்கும் இருப்பிடம் ஒரு கடல்மைல், அதாவது 1852 மீட்டர் விலகிவிடும்.

முன்னோர் கண்ட வழி

இந்தியப் பெருங்கடலில் பாய்மரக் கப்பல் செலுத்தியோர் முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகையொன்றைப் பயன்படுத்தினர். அரபியர் அதனைக் 'கமால்' என்றனர். கயிற்றைப் பல்லால் பற்றி, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பை விண்மீனிலும் பொருத்துவர். சொந்தத் துறைமுகத்தில் அம்மீன் நிற்கும் உயரத்திற்கு ஏற்பக் கயிற்றில் முடிச்சிட்டிருப்பர். திரும்பும்போது அதே உயரம் வரும்வரை வடக்காகவோ தெற்காகவோ செலுத்தி, பின்னர் அந்த அட்சத்தின் வழியே கிழக்காகவோ மேற்காகவோ சென்று கரை சேர்வர். உயரத்தை 'விரல்' என்னும் அளவால் குறித்தனர்.

முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025இல் கடாரம் நோக்கிச் சென்ற காலத்தில், இன்றைய துருவ விண்மீன் வடதுருவப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 6 பாகை விலகியிருந்தது. புவியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றுவதே இதற்குக் காரணம். வட அட்சம் 6 பாகையை ஒட்டிய கடாரக் கடலில் அம்மீன் இரவின் ஒரு பகுதியில் தொடுவானத்தை ஒட்டி மறைந்துவிடும். ஒரே மீனை நம்பிக் கடல் கடக்க இயலாது என்பது இதனால் விளங்கும்.

அடையாளம் காணல்

தனி மீனைத் தேடுவதைவிட மீன்கூட்டத்தின் வடிவத்தைப் பற்றிக்கொண்டு செல்வதே எளிது. வேட்டுவன் கூட்டத்தின் இடைக்கச்சையில் மூன்று மீன்கள் ஒரே கோட்டில் நிற்கும். அக்கோட்டைத் தென்கிழக்காக நீட்டினால் வானின் மிக ஒளிர்ந்த விண்மீனாகிய சிரியசை அடையலாம். வடமேற்காக நீட்டினால் செந்நிற ரோகிணியையும் அதனைக் கடந்து கார்த்திகைக் கூட்டத்தையும் அடையலாம். சிரியசுக்கு ஏறத்தாழ நேர்தெற்கே 36 பாகை தொலைவில் அகத்திய விண்மீன் நிற்கும். எழுமுனிவர் கூட்டத்தின் வால் வளைவைத் தொடர்ந்தால் சுவாதியும், அதற்கப்பால் சித்திரையும் கிட்டும்.

தெரிந்து தெளிவோம்

உலகெங்கும் மாலுமிகள் பயன்படுத்தும் கடற்பஞ்சாங்கம் துருவ விண்மீனைத் தவிர 57 மீன்களைத் தேர்ந்து வரிசைப்படுத்துகிறது. நம் வீட்டு நாட்காட்டியில் பிறந்தநாள் மீன்களாக வழங்கும் ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம் ஆகியவற்றின் முதன்மை மீன்கள் அவ்வரிசையில் உள்ளன. 1964இல் செவ்வாய்க்கோளை நோக்கி ஏவப்பட்ட மரினர் 4 விண்கலமும் தன் நிலையைச் சீர்செய்ய அகத்திய விண்மீனையே நோக்கியது.

தேர்ந்தெடுத்தல்

ஒவ்வொரு விண்மீனும் குறித்த நொடியில் புவியின் ஏதோ ஓரிடத்திற்கு நேர்மேலே நிற்கும். அவ்விடத்தைக் கடற்பஞ்சாங்கம் கூறும். மாலுமி அளந்த ஏற்றக்கோணம், அவ்விடத்திலிருந்து கப்பல் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைத் தரும். எனவே அவ்விடத்தை மையமாகக் கொண்ட வட்டத்தில் கப்பல் எங்கோ உள்ளது என்பது உறுதி. மற்றொரு மீனை அளந்தால் மற்றொரு வட்டம் கிடைக்கும். இரண்டும் வெட்டுமிடத்தில் கப்பலைத் தேடலாம். மூன்றாம் மீன் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

தேர்வு நெறிகள் இங்கேதான் பிறக்கின்றன. ஒரே திசையில் அமைந்த இரு மீன்கள் தரும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து செல்லும். வெட்டுமிடம் தெளிவாகத் தெரியாது. ஆதலால் ஏறத்தாழ 120 பாகை இடைவெளியில் மூன்று திசைகளில் மூன்று மீன்களைத் தேர்வது சிறப்பு. மிகத் தாழ்ந்த மீனின் ஒளி, வளிமண்டலத்தில் விலகி உயரத்தை மிகைப்படுத்திக் காட்டும். தலைக்கு நேர்மேலே நிற்கும் மீனையோ தொடுவானத்தோடு பொருத்துவது அரிது. ஆகவே 15 முதல் 70 பாகை வரை உயர்ந்த மீன்களே விரும்பப்படுகின்றன.

சான்றாக, பிப்ரவரி நடுவில் மாலை 7 மணிக்குத் தூத்துக்குடிக் கடலில் ஒரு கப்பல் நிற்பதாகக் கொள்வோம். அப்போது மிகுந்த ஒளியுடன் தோன்றும் சிரியசு, அகத்தியம் ஆகிய இரண்டும் தெற்கு, தென்கிழக்குப் பகுதியில் நெருங்கி நிற்கும். அவற்றின் திசைகளுக்கிடையே 35 பாகை அளவே வேறுபாடு. ஒளியை மட்டும் கருதி இவ்விரண்டையும் நம்புபவர் ஏமாறுவார். தேர்ந்த மாலுமி அகத்தியத்தோடு, வடகிழக்கில் புனர்பூசத்தின் ஒளிமிக்க மீனையும், வடமேற்கில் மேடக் கூட்டத்தின் ஒளி குறைந்த ஹமல் மீனையும் கொள்வார். துருவ விண்மீன் 9 பாகையில் தாழ்ந்திருப்பதால் அது துணைச் சான்றாகவே நிற்கும்.

காலமும் இங்கு இறுக்கமானது. தொடுவானமும் விண்மீன்களும் ஒருசேரத் தெரிவது அந்திப்பொழுதில் மட்டுமே. நம் அட்சத்தில் அதற்கேற்ற நேரம் அரைமணிக்கும் குறைவு. அதனால் எம்மீன் எத்திசையில், எவ்வுயரத்தில் தோன்றும் என்பதைக் கதிரவன் மறையும் முன்பே கணித்து வைத்திருத்தல் வேண்டும். கடிகாரம் 4 நொடி பிழைத்தாலும் நிலநடுக்கோட்டருகே இருப்பிடம் ஒரு கடல்மைல் விலகும்.

இன்றைய தேவை

செயற்கைக்கோள்கள் வழிகாட்டும் இக்காலத்திலும் கப்பல் அதிகாரிகள் இக்கலையைக் கற்கின்றனர். மின்கருவி பழுதுறலாம், செயற்கைக்கோள் குறிப்பலைகளைப் பிறர் தடுக்கவோ திரிக்கவோ இயலும். விண்மீன்களை அவ்வாறு தடுக்க இயலாது. இந்தியக் கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அபிலாஷ் டோமி, 2022இல் தொடங்கிய கோல்டன் குளோப் பாய்மரப் போட்டியில் தனியராய் உலகைச் சுற்றினார். செயற்கைக்கோள் வழிகாட்டிக்கு இடமில்லாத அப்போட்டியில், செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியும் பஞ்சாங்கமும் துணையாக 236 நாள் பயணம் செய்து, 2023 ஏப்ரலில் இரண்டாமிடம் பெற்றார்.

குற்றாலத்தில் மேற்குத் தொடுவானத்தை மலை மறைக்கிறது. அங்கே நின்று கடலோடியைப்போல் அளத்தல் இயலாது. எனினும் மீன்களின் பெயரையும் திசையையும் கற்க மலையடிவாரமே போதும். அளக்கும் கருவி கைக்கு வருமுன் அறிந்திருக்க வேண்டியவை அவையே.

கற்பவை கற்றபின்

1. பிப்ரவரி மாத இரவு 9 மணியளவில் உங்கள் ஊரின் தெற்கு வானில் சிரியசையும் அகத்திய விண்மீனையும் கண்டு, அவற்றின் நிலையை வரைந்து காட்டுக.

2. உங்கள் ஊரின் வட அட்சத்தை நிலப்படத்தில் அறிந்து, அங்கே துருவ விண்மீன் நிற்கும் உயரத்தைக் கணக்கிடுக.

3. 'ஒளி மிகுந்த மீனே வழிகாட்டச் சிறந்த மீன்' என்னும் கருத்து பொருந்துமா? சான்றுகளுடன் வகுப்பில் கலந்துரையாடுக.