மாமியார் சொல்வது சரியா?

கேள்வி: நான்கு வயது மகளுக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளில் கரப்பான். ராத்திரியெல்லாம் சொறிகிறாள், தலையணை உறையில் ரத்தத் திட்டு. கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் நிறுத்தியாயிற்று. “மாசமா இருந்தப்போ நீ வாயைக் கட்டலை” என்கிறார் மாமியார்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மாமியாரிடம் தாராளமாகச் சொல்லுங்கள், இது நீங்கள் தின்றதால் வந்ததல்ல. ஆஸ்துமா, ஓயாத தும்மல் உள்ள குடும்பங்களில் அதிகம் வருவது. இந்தக் குழந்தைகளின் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்காது. தொற்றவும் தொற்றாது, பள்ளியில் தனியே உட்காரவைத்தால் விடாதீர்கள்.

அலர்ஜி என்று உறுதியாகாமல் வளரும் பிள்ளைக்கு முட்டையை நிறுத்துவது வீண் பட்டினி. டாக்டரைக் கேட்டு மறுபடி தொடங்குங்கள்.

வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளியல். தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். சின்ன டியூப் ஒரு மாதம் வருகிறதென்றால் பூசுவது போதவில்லை. சிவந்து கிளம்பும்போது டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து பாதியில் விடாதீர்கள்; பயப்பட வேண்டியது மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புக்கு. நீர் கசிந்து மஞ்சள் பொருக்கு கட்டினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரியும் இல்லையே? ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி அவர் எழுந்திருக்கட்டும்.