கடல் மட்டியும் எமது கழிவுநீரும்

சுவிற்சர்லாந்துக்குக் கடல் இல்லை. ஆனாலும் எமது குசினித் தொட்டியில் ஊற்றும் தண்ணீர் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. இந்நாட்டு நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு றைன் ஆற்றுடன் சேர்ந்து, பாசலைக் கடந்து, நெதர்லாந்து வழியாக வடகடலை அடைகிறது. அந்த நெதர்லாந்துக் கரையோரம் மட்டி வளர்ப்புக்குப் பெயர் பெற்றது.

மட்டி ஏன் நோயைத் தருகிறது?

ஊரில் மட்டி, சிப்பி உண்டு பழகிய எம்மவர் பலர் இங்கும் அவற்றை விரும்பி வாங்குகின்றனர். மட்டி தண்ணீரை உள்ளிழுத்து, வடிகட்டி, அதிலுள்ள நுண்ணிய உணவை உண்டு வாழ்கிறது. அந்த நீரில் மலக்கழிவு கலந்திருந்தால் கிருமிகளும் அதன் உடலில் சேர்ந்துவிடும். வாந்தி, வயிற்றோட்டத்தை உண்டாக்கும் நோரோ வைரசும், செங்கண்மாரியை உண்டாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ வைரசும் இவ்வாறே பரவுகின்றன.

இதனால் ஐரோப்பிய ஒன்றியம் மட்டி எடுக்கும் கடற்பகுதிகளைத் தரம் பிரித்துள்ளது. 100 கிராம் மட்டிச் சதையில் ஈ-கோலி பக்ரீரியா பொதுவாக 230க்கு மேற்படாத பகுதி ‘ஏ’ தரம். அங்கு எடுத்ததை நேரடியாக விற்கலாம். 4,600 வரை உள்ள பகுதி ‘பி’ தரம். அந்த மட்டியைச் சுத்தமான நீரில் வைத்துத் தூய்மையாக்கியோ, முறைப்படி வெப்பமூட்டியோதான் விற்கலாம். ஆகவே கரையோர நீர் நிறுவனங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்த பின், சில இடங்களில் புறஊதாக் கதிரால் கிருமிகளையும் அழித்தே கடலில் விடுகின்றன.

சுவிஸ் கற்ற பாடம்

1963இல் செர்மாட் நகரின் குடிநீரில் கழிவுநீர் கலந்ததால் 437 பேருக்குத் தைபோயிட்டுக் காய்ச்சல் கண்டது. மூவர் இறந்தனர். 1965இல் இந்நாட்டு மக்களில் சுமார் 14 வீதத்தினரின் கழிவுநீரே சுத்திகரிக்கப்பட்டது. 1971இன் நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் நிலைமை வேகமாக மாறியது. இன்று 97 வீதத்துக்கும் மேற்பட்டோரின் வீடுகள் சுத்திகரிப்பு நிலையங்களுடன் இணைக்கப்பட்டுள்ளன. ஏரிகளில் பாசி பெருகக் காரணமான பொஸ்பேற், 1986 முதல் சலவைத் தூளில் தடை செய்யப்பட்டது.

மருந்து எச்சங்கள் போன்ற நுண்மாசுகளைச் சாதாரண சுத்திகரிப்பு முழுமையாக நீக்குவதில்லை. எனவே 2014இல் டூபென்டோர்வ் நொய்கூட் நிலையம் ஓசோன் முறையைத் தொடங்கியது. 2016 முதல் தெரிவுசெய்யப்பட்ட நிலையங்களில் இத்தகைய மேலதிக சுத்திகரிப்பு சட்டப்படி கட்டாயமானது. இதற்கென ஆளொருவருக்கு ஆண்டுக்கு 9 பிராங் வரையான கட்டணம் விதிக்கப்பட்டது.

நாம் செய்யக்கூடியவை

• பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். அது குழாயில் உறைந்து அடைக்கும். போத்தலில் சேர்த்து, உங்கள் நகரசபையின் சேகரிப்பு இடத்தில் கொடுங்கள்.
• மிஞ்சிய மருந்தை மலசலகூடத்தில் கொட்டாமல் மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள்.
• ஈரத் துடைப்பான், பஞ்சு, அணையாடை ஆகியவற்றைக் குப்பைப் பையிலேயே போடுங்கள்.
• கடும் மழையின்போது பல இடங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் நிறைந்து, ஒரு பகுதி சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் வழியும். அதன்பின் ஓரிரு நாட்களுக்குப் பிள்ளைகளை ஆற்றில் குளிக்க விடாதீர்கள்.

மட்டி சமைக்கும்போது

சமைக்க முன், வாய் திறந்திருக்கும் மட்டியைத் தட்டிப் பாருங்கள். மூடாவிட்டால் அது இறந்தது, எறிந்துவிடுங்கள். சமைத்த பின்னும் திறக்காததை உண்ண வேண்டாம். ஓடு திறந்தவுடன் அடுப்பை நிறுத்துவது போதாது. வைரசு அழிய, சதையின் உட்பகுதி 90 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 90 வினாடி இருக்க வேண்டும். கர்ப்பிணிகள், முதியோர், ஈரல் நோயுள்ளோர் பச்சைச் சிப்பியை முற்றாகத் தவிர்ப்பது நல்லது.

கிராமத்து ஒழுங்கையில் ஓடும் வெள்ளம் யாருடைய கிணற்றுக்குப் போகும் என்பதை எமது பெற்றோர் அறிந்திருந்தனர். இங்கு குழாய்கள் நிலத்தின் கீழே மறைந்திருப்பதால் எமது பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை. அடுத்த முறை றைன் கரையில் நடக்கும்போது, இந்த நீர் எங்கே போகிறது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.